கிரியேச்சரின் வலுவும் சேதமும்: கிருஷ்ணகிரி மொட்டைமாடியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிருஷ்ணகிரியில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஞாயிறுதோறும் மாலையில் ஏழெட்டுப் பேர் கூடி டிரேடிங் கார்டு விளையாட்டுகளை (அட்டைகளைச் சேகரித்து, அவற்றைக் கொண்டு ஆடுபவை) ஆடி வருகிறோம். ஓசூரில் வேலை பார்ப்பவர்கள், தருமபுரியிலிருந்து பேருந்தில் வருபவர், அக்கம்பக்கத்துப் பள்ளி மாணவர்கள் எனப் பலதரப்பட்டவர்கள் வருவதாலும், ஒருவர் மேஜிக், இன்னொருவர் யூ-கி-ஓ, மற்றொருவர் போக்கிமான் என வெவ்வேறு ஆட்டங்களில் பழகியவர்கள் என்பதாலும், “இது செத்துருச்சா இல்லையா, அண்ணா?” என்ற கேள்வி எழாத மாலையே இல்லை. அந்த வாக்குவாதங்களில் பெரும்பாலானவை ஒரே குழப்பத்திலிருந்து பிறப்பவை: சேதம் படுவதும் வலு குறைவதும் ஒன்றே என்று எண்ணிக்கொள்வதுதான் அது. கேட்கப்பட்ட கேள்விகளையும் நான் சொல்லிவந்த விடைகளையும் இங்கே எழுதிவைக்கிறேன். ஆட்டத்தின் பெயரைக் குறிப்பிடாத இடங்களில் மேஜிக் என்றே கொள்ளவும்.

அட்டையின் கீழ் மூலையில் உள்ள 3/3 போன்ற எண்கள் எதைக் குறிக்கின்றன?

ரிச்சர்ட் கார்ஃபீல்ட் உருவாக்கி 1993-இல் வெளிவந்த ‘மேஜிக்: த கேதரிங்’ ஆட்டத்தில், ஒவ்வொரு கிரியேச்சர் அட்டையின் (நமக்காகச் சண்டையிடும் உயிரினத்தைக் குறிக்கும் அட்டை) வலது கீழ் மூலையிலும் சாய்கோடு இட்டுப் பிரித்த இரண்டு எண்கள் இருக்கும். இடப்பக்க எண் பவர். அந்தக் கிரியேச்சர் மோதும்போது எவ்வளவு சேதம் தரும் என்பதை அது சொல்கிறது. வலப்பக்க எண் டஃப்னஸ். எவ்வளவு சேதம் சேர்ந்தால் அது அழியும் என்பதை அது சொல்கிறது. எதிரில் உள்ள ஆட்டக்காரருக்கு இவ்வகை இரட்டை எண் இல்லை. அவருக்கு 20 உயிர்ப்புள்ளிகள் உண்டு, கமாண்டர் முறையில் ஆடினால் 40.

சேதம் பட்டால் டஃப்னஸ் குறைகிறது அல்லவா? 3/3-க்கு 2 சேதம் பட்டால் அது 3/1 ஆகிவிடுமா?

ஆகாது. இந்த ஒரு கேள்விக்கான விடை மனத்தில் பதிந்துவிட்டால் கீழே உள்ள கேள்விகளில் பாதி தேவையற்றுப் போகும் என்பதால், இதைச் சற்று நீட்டியே சொல்கிறேன்.

எங்கள் ஊர்ப் பக்கம் மாங்காய்க் காலத்தில் மண்டிக்குப் போகும் கூடையை நினைத்துக்கொள்ளுங்கள். டஃப்னஸ் என்பது கூடையின் கொள்ளளவு; சேதம் என்பது அதில் விழும் காய். மூன்று காய் கொள்ளும் கூடையில் இரண்டு காய் விழுந்திருந்தால், அது இப்போதும் மூன்று காய் கொள்ளும் கூடைதான். இன்னும் ஒன்று விழுந்தால் நிறைந்துவிடும் என்பது வேறு செய்தி. ஆட்டத்தின் விதியும் அவ்வாறே, கிரியேச்சரின் மேல் சேதத்தைத் தனியாகக் குறித்துவைக்கச் சொல்கிறதே தவிர டஃப்னஸிலிருந்து கழிக்கச் சொல்லவில்லை. குறித்த சேதம் டஃப்னஸுக்குச் சமமாகவோ மிகையாகவோ ஆகும்போது அந்தக் கிரியேச்சர் அழிக்கப்படுகிறது.

“கடைசியில் இரண்டும் ஒன்றுதானே” என்று கேட்பவர்களிடம், “டஃப்னஸ் 2 அல்லது அதற்குக் குறைவாக உள்ள கிரியேச்சரை அழிக்கலாம்” என்று எழுதிய ஓர் அட்டையைக் கற்பனை செய்து பார்க்கச் சொல்வேன். 2 சேதம் பட்ட 3/3-ஐ அந்த அட்டையால் தொட முடியாது, ஏனெனில் அதன் டஃப்னஸ் இன்னும் 3.

கூடையில் விழுந்த காய் எப்போது காலியாகும்?

ஒவ்வொரு டர்னின் (ஓர் ஆட்டக்காரர் ஆடும் முறையின்) முடிவிலும் காலியாகும். தன்னுடைய டர்னின் முடிவில் மட்டும் என்று பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்; எதிராளியின் டர்ன் முடிந்தாலும் மேசையில் உள்ள எல்லாக் கிரியேச்சர்களின் சேதமும் துடைக்கப்படும். ஆகவே ஒரு பெரிய கிரியேச்சரைத் தினம் கொஞ்சமாக அரித்துத் தீர்த்துவிடலாம் என்ற திட்டம் மேஜிக்கில் பலிக்காது. வீழ்த்துவதற்கு வேண்டிய சேதம் முழுவதும் ஒரே டர்னுக்குள் வந்து சேர வேண்டும். ஆட்டக்காரர் இழந்த உயிர்ப்புள்ளிகளுக்கு இந்தச் சலுகை கிடையாது, போனது போனதுதான்.

‘ஜெயண்ட் க்ரோத்’ போட்டு 2/2-ஐ 5/5 ஆக்கினேன். 4 சேதம் பட்டுப் பிழைத்தது. டர்ன் முடிவில் மறுபடி 2/2 ஆகும்போது அது செத்துவிடுமே?

நல்ல கேள்வி, பழைய ஆட்டக்காரர்களும் இங்கே தடுமாறுவதைக் கண்டிருக்கிறேன். ஜெயண்ட் க்ரோத் என்பது முதல் தொகுப்பிலிருந்தே உள்ள அட்டை. டர்ன் முடியும் வரை +3/+3 தருவது. அதன் பயன் தீர்வதும் சேதம் துடைக்கப்படுவதும் டர்னின் கடைசிப் படியில் ஒரே கணத்தில் நிகழும் என்று விதி வகுத்திருக்கிறது. கூடை பழைய அளவுக்குச் சுருங்கும் அதே நொடியில் காய்களும் கொட்டப்பட்டுவிடுவதால், சுருங்கிய கூடையில் நான்கு காய் கிடக்கும் நிலை ஒரு கணமும் ஏற்படுவதில்லை. உங்கள் கிரியேச்சர் பிழைத்தது.

ஆனால் இந்தப் பாதுகாப்பு ஒரே கணத்தில் தீரும் பயன்களுக்கு மட்டுமே உரியது. கிரியேச்சரோடு ஒட்டவைத்த ஓர் அட்டையால் டஃப்னஸ் உயர்ந்திருந்து, டர்னின் நடுவில் எதிராளி அந்த அட்டையை அகற்றிவிட்டால், காய்கள் உள்ளே இருக்கும்போதே கூடை சுருங்கிவிடும். அப்போது முன்பு தாங்கிக்கொண்ட சேதமே அதைக் கொன்றுவிடும்.

அதே ஜெயண்ட் க்ரோத்தைப் போட்டும் என் 2/2 ஏன் ‘லைட்னிங் போல்ட்’டில் செத்தது?

யார் முதலில் போட்டார் என்பதைப் பொறுத்து விடை மாறும். லைட்னிங் போல்ட் 3 சேதம் தரும் அட்டை. மேஜிக்கில் அட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு, கடைசியாக வைத்தது முதலில் நடைபெறும். எதிராளி போல்ட்டைப் போட, அதற்கு மறுமொழியாக நீங்கள் ஜெயண்ட் க்ரோத்தைப் போட்டால், முதலில் 5/5 ஆகும், பிறகு 3 சேதம் விழும், பிழைக்கும். நீங்கள் முந்திக்கொண்டு ஜெயண்ட் க்ரோத்தைப் போட, அதற்கு மறுமொழியாக அவர் போல்ட்டைப் போட்டால், 3 சேதம் முதலில் 2/2-ன் மேல் விழுந்து அதைக் கொன்றுவிடும். வளர்ச்சி வந்து சேரும்போது வளர்வதற்கு ஆள் இருக்காது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பதற்கு எங்கள் மேசையில் இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைத்ததில்லை.

−2/−2 தருவதும் 2 சேதம் தருவதும் ஒன்றா?

இல்லை. ஒன்று கூடையைச் சிறிதாக்குகிறது. மற்றது காயைப் போடுகிறது. சாதாரண நாட்களில் 2/2-ஐ இரண்டுமே சாகடிக்கும் என்பதால் வேறுபாடு கண்ணில் படுவதில்லை. மூன்று இடங்களில் அது தெளிவாகத் தெரியும்.

முதலாவது, பவர். −2/−2 பெற்ற 4/4, 2/2 ஆகிவிடுவதால் அது தரும் சேதமும் பாதியாகிறது. 2 சேதம் பட்ட 4/4 இன்னமும் 4 சேதம் தரும். இரண்டாவது, ‘இன்டிஸ்ட்ரக்டிபிள்’ என்ற திறன் கொண்ட கிரியேச்சர்கள். நூறு சேதம் பட்டாலும் அவை அழியா. ஆனால் டஃப்னஸ் 0 ஆகிவிட்டால் அவையும் போய்ச்சேரும், ஏனெனில் டஃப்னஸ் 0 ஆன கிரியேச்சர் விதிப்படி அழிக்கப்படுவதில்லை, நேரடியாகக் கல்லறைக்கு (கழிந்த அட்டைகளின் குவியலுக்கு) அனுப்பப்படுகிறது. கொள்ளளவே இல்லாத ஒன்றைக் கூடை என்று எப்படிச் சொல்வது? மூன்றாவது, இரண்டும் சேர்ந்து வரும்போது. 3 சேதம் பட்டிருக்கும் 5/5-க்கு −2/−2 கொடுத்தால் அதன் டஃப்னஸ் 3 ஆகிறது. ஏற்கெனவே உள்ள 3 சேதம் இப்போது போதுமானதாகிவிடுவதால் அது அழிகிறது.

அடிபட்ட கிரியேச்சர் குறைவாகத்தானே தாக்க வேண்டும்?

நம் ஊர் எருது விடும் விழாவில் காலில் அடிபட்ட காளை ஓட்டத்தில் பின்தங்கும் என்பது உண்மை. அட்டை விளையாட்டில் அந்த நியாயம் இல்லை. இன்னும் ஒரே ஒரு சேதம் பட்டால் அழிந்துவிடும் நிலையில் உள்ள 6/6-ம் முழுதாக 6 சேதம் தரும். போக்கிமானிலும் பொதுவாக இதே நிலைதான். 10 ஹெச்பி (போக்கிமானின் உயிர்ப்புள்ளி) மீதமுள்ள போக்கிமான் தன் தாக்குதலை முழு வலுவோடு செய்யும்.

இப்போதுதான் இறக்கிய கிரியேச்சரால் சேதம் தர முடியுமா?

அந்த டர்னில் தாக்கப் போக முடியாது. ஆனால் அடுத்து எதிராளி தாக்க வரும்போது தடுக்கலாம், தடுக்கும்போது முழுச் சேதமும் தரலாம். ‘ஹேஸ்ட்’ என்ற திறன் இருந்தால் உடனே தாக்கவும் செய்யலாம்.

என் 6/6-ஐ ஒரு 1/1 தடுத்தது. மிச்சம் 5 சேதம் எதிராளிக்குப் போகாதா?

போகாது. தடுக்கப்பட்ட கிரியேச்சரின் சேதம் முழுவதும் தடுத்தவர் மேலேயே செலவாகும், மிச்சம் வீண். தடுத்த 1/1-ஐ அதற்குள் வேறு அட்டையால் அகற்றிவிட்டாலும் உங்கள் 6/6 ‘தடுக்கப்பட்டது’ என்ற நிலையிலேயே நிற்பதால் ஆட்டக்காரருக்கு ஒன்றும் ஆகாது. அற்பமான 1/1-களை யாரும் எளிதில் தூக்கி எறியாததற்கு இதுவே காரணம்.

‘ட்ராம்பிள்’ திறன் இருந்தால் கதை மாறும். தடுத்தவரைக் கொல்லப் போதுமான சேதத்தை அதற்கு ஒதுக்கிவிட்டு மீதியை ஆட்டக்காரர் மேல் செலுத்தலாம். 6/6 ட்ராம்பிளை 2/2 தடுத்தால் 2 அங்கே, 4 இங்கே. தடுத்த கிரியேச்சர் மேல் அதே டர்னில் ஏற்கெனவே 1 சேதம் இருந்திருந்தால் இன்னும் 1 ஒதுக்கினாலே போதும். தடுத்தவர் நடுவில் அகற்றப்பட்டுவிட்டால் ஆறும் ஆட்டக்காரருக்கே.

ஒரே கிரியேச்சரை மூன்று பேர் சேர்ந்து தடுத்தால் சேதத்தை எப்படிப் பிரிப்பது?

தாக்குபவர் தம் விருப்பப்படி பிரித்துக்கொள்ளலாம். 5/5-ஐ மூன்று 2/2-கள் தடுத்தால், 2 + 2 + 1 என்று பிரித்து இருவரைக் கொல்லலாம், மூன்றாவது பிழைக்கும். மூன்றும் சேர்ந்து 6 சேதம் தருவதால் 5/5-ம் வீழும். முன்பெல்லாம் தடுப்பவர்களை வரிசைப்படுத்தி, முதலாமவருக்குச் சாகப் போதுமானதை ஒதுக்கிய பிறகே அடுத்தவருக்குச் செல்ல வேண்டும் என்ற விதி இருந்தது. 2024 நவம்பரில் ‘ஃபவுண்டேஷன்ஸ்’ தொகுப்போடு அந்த வரிசை முறை நீக்கப்பட்டது. பழைய காணொளிகளைப் பார்த்துக் கற்றவர்கள் இன்னும் வரிசை கேட்பார்கள். பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்.

இருவரும் மோதும்போது யாருடைய சேதம் முதலில் விழும்?

ஒரே நேரத்தில் விழும். இரண்டு 2/2-கள் மோதினால் இரண்டும் சாகும். “நான்தான் தாக்கினேன், ஆகவே என் அடி முந்தி” என்ற வாதம் செல்லாது. விதிவிலக்கு ‘ஃபர்ஸ்ட் ஸ்ட்ரைக்’ திறன். அது உள்ளவருக்கு முன்னதாக ஒரு சேதப் படி தனியாக உண்டு. அதில் எதிரி செத்துவிட்டால் திருப்பி அடிக்க எதிரி இருக்காது. ஃபர்ஸ்ட் ஸ்ட்ரைக் உள்ள வெறும் 2/1, சாதாரண 2/2-ஐக் காயமின்றிக் கொன்றுவிடும். ஆனால் 2/3-இடம் மாட்டினால், முதல் அடி போதாமல் போய், திருப்பி வரும் அடியில் அதுவே சாகும். ‘டபுள் ஸ்ட்ரைக்’ உள்ளவர் இரண்டு படிகளிலும் சேதம் தருவார்.

இங்கே ஒரு பழங்கதையும் உண்டு. 1999 முதல் 2009 வரை மோதல் சேதமும் மற்ற அட்டைகளைப் போல அடுக்கில் வைக்கப்பட்டு, நடைபெறுவதற்கு முன் இடைவெளி இருந்தது. அந்த இடைவெளியில் தன் கிரியேச்சரைக் கைக்குத் திருப்பி எடுத்துக்கொண்டு, அது ஒதுக்கிய சேதத்தை மட்டும் விழவைக்கும் தந்திரம் செல்லுபடியானது. 2009 ஜூலையில் அந்த முறை ஒழிக்கப்பட்டது. பெங்களூரில் அந்தக் காலத்தில் ஆடிய உறவினர் ஒருவர் இன்றும் எங்கள் மேசைக்கு வந்தால் அதே தந்திரத்தைச் செய்யப் பார்ப்பார். அறிவாளித்தனமான தந்திரம்தான், ஆனால் செத்துப்போன விதி.

‘டெத்டச்’, ‘லைஃப்லிங்க்’ ஆகியவற்றில் எந்த எண்ணைப் பார்க்க வேண்டும்?

உண்மையில் தரப்பட்ட சேதத்தைப் பார்க்க வேண்டும். டெத்டச் உள்ள கிரியேச்சர் 1 சேதம் தந்தாலே எதிரியின் டஃப்னஸ் எவ்வளவாக இருந்தாலும் அது அழியும். ஆனால் அந்த 1 சேதமாவது பட வேண்டும். பவர் 0 ஆகிவிட்டாலோ சேதம் முழுவதும் தடுக்கப்பட்டுவிட்டாலோ ஒன்றும் நடவாது. டெத்டச்சும் ட்ராம்பிளும் ஒன்றாக அமைந்த 6/6 தடுப்பவருக்கு 1 ஒதுக்கினால் போதும், மீதி 5 ஆட்டக்காரருக்கு. அப்படி ஒன்று மேசையில் இறங்கினால் எங்கள் மாணவர்கள் முகத்தைச் சுளிப்பார்கள், நியாயமான சுளிப்பே.

லைஃப்லிங்க்கில் எதிர்த்திசையில் தவறு செய்கிறார்கள். 5/5 லைஃப்லிங்க்கை 1/1 தடுத்தால் 1 உயிர்ப்புள்ளிதான் கிடைக்கும் என்று எண்ணிக்கொள்கிறார்கள். 1/1-ன் மேல் விழுந்தது 5 சேதம். ஆகவே 5 புள்ளிகள் கிடைக்கும். ஒரு காய் கொள்ளும் கூடையில் ஐந்து காயைக் கொட்டினாலும் கொட்டியது ஐந்துதானே.

‘ஃபைட்’ என்று எழுதியிருந்தால் அதுவும் மோதல்தானா?

இரண்டு கிரியேச்சர்களும் தத்தம் பவர் அளவுக்கு ஒன்றுக்கொன்று சேதம் தரும். ஆனால் அது மோதல் சேதம் எனக் கணக்கிடப்படாது. ஆகவே ஃபர்ஸ்ட் ஸ்ட்ரைக்கும் ட்ராம்பிளும் அங்கே பயன்படா. டெத்டச்சும் லைஃப்லிங்க்கும் வழக்கம்போல் வேலை செய்யும்.

+1/+1 கவுண்டர்கள் உள்ள கிரியேச்சரை ஓர் அட்டை “1/1 ஆகிறது” என்கிறது. கவுண்டர்கள் போய்விடுமா?

போகா. கவுண்டர் என்பது கிரியேச்சரின் மேல் நிலையாக வைக்கும் அடையாள வில்லை. எண்ணை நிலைநிறுத்தும் விளைவுகள் முதலிலும், கூட்டிக் குறைக்கும் விளைவுகள் அதன் பின்னும் கணக்கில் எடுக்கப்படும். எது முதலில் மேசைக்கு வந்தது என்பதால் இந்த வரிசை மாறாது. இரண்டு +1/+1 கவுண்டர்கள் வைத்த 2/2, அதுவரை 4/4 ஆக இருந்தது. “1/1 ஆகிறது” என்ற பிறகு அடிப்படை 1/1, அதன்மேல் இரண்டு கவுண்டர், ஆக 3/3. ஒரே கிரியேச்சரில் +1/+1 கவுண்டரும் −1/−1 கவுண்டரும் சேர்ந்தால் சோடி சோடியாக ஒன்றையொன்று நீக்கிக்கொள்ளும்.

யூ-கி-ஓவில் சேதமே சேர்வதில்லையே, ஏன்?

அங்கே கூடை இல்லை, தராசு இருக்கிறது. பெரும்பாலான மான்ஸ்டர்களுக்கு (மேஜிக்கின் கிரியேச்சர் போன்றவை) அட்டாக், டிஃபென்ஸ் என இரண்டு எண்கள் உண்டு. மோதும் தருணத்தில் இரண்டு தட்டுகளை ஒப்பிட்டுப் பார்த்துத் தீர்ப்பு வழங்கிவிட்டு, அந்த மோதல் மறக்கப்பட்டுவிடும். தோற்காத மான்ஸ்டர் மேல் எந்தத் தழும்பும் இராது.

இரண்டும் அட்டாக் நிலையில் இருந்தால், குறைந்த எண் உள்ளது அழியும். வித்தியாசம் அதன் உரிமையாளரின் 8000 புள்ளிகளிலிருந்து கழியும். 3000 அட்டாக் கொண்ட ‘ப்ளூ-ஐஸ் வைட் டிராகன்’ 2500 அட்டாக் கொண்ட ‘டார்க் மெஜிஷியன்’ மேல் மோதினால், மெஜிஷியன் அழிவதோடு அதை ஆள்பவர் 500 இழப்பார். சமமாக இருந்தால் இரண்டும் அழியும், யாருக்கும் புள்ளி இழப்பில்லை. இரண்டும் 0 என்றால் எதுவும் அழிவதில்லை.

எதிரி டிஃபென்ஸ் நிலையில் கிடைமட்டமாக வைக்கப்பட்டிருந்தால் தாக்குபவரின் அட்டாக்கை அதன் டிஃபென்ஸோடு ஒப்பிட வேண்டும். 1800 அட்டாக் 1500 டிஃபென்ஸை வென்றால் மான்ஸ்டர் அழியும், உரிமையாளருக்குச் சேதம் இல்லை. ஊடுருவித் தாக்கும் திறன் இருந்தால் மட்டும் 300 போகும். அதே 1800 போய் 2000 டிஃபென்ஸில் முட்டினால், முட்டியவர் 200 இழப்பார். ஆனால் அவருடைய மான்ஸ்டர் அழியாது. சுவரில் முட்டியவனுக்குத் தலை வலிக்குமே ஒழிய உயிர் போவதில்லை. மேஜிக்கிலிருந்து வருபவர்கள் இந்த இடத்தில் தங்கள் மான்ஸ்டரைத் தாங்களே எடுத்துக் கல்லறையில் வைத்துவிடுவதை நான் பலமுறை தடுத்திருக்கிறேன்.

போக்கிமானில் பலவீனம் இருந்தால் இரட்டிப்பாகும் என்கிறார்கள். கூட்டுவது முதலிலா, பெருக்குவது முதலிலா?

1996-இல் ஜப்பானில் வெளிவந்த நாள் தொட்டு இந்த ஆட்டத்தில் சேதம் பத்துப் பத்தாகவே எண்ணப்பட்டுவருகிறது. கணக்கின் வரிசை இது: அட்டையில் எழுதிய சேதத்தோடு தாக்குபவர் பக்கத்துக் கூடுதல்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டும், பிறகு எதிரியின் பலவீனத்தைப் பெருக்க வேண்டும், பிறகு எதிர்ப்பாற்றலைக் கழிக்க வேண்டும், கடைசியாகத் தாங்குபவர் பக்கத்துக் குறைப்புகள். 60 சேதம், 20 கூடுதல், பலவீனம் இரட்டிப்பு என்றால் 80-ன் இரு மடங்காகிய 160 என்பதே சரி. 120-உடன் 20 கூட்டி 140 என்பது தவறு. தாங்குபவரிடம் 20 குறைக்கும் அட்டை இருந்தால் 160-இலிருந்து கழித்து 140. இந்த 20 புள்ளி வேறுபாட்டில் ஆட்டமே மாறிவிடும். பலவீனமும் எதிர்ப்பாற்றலும் முன்னால் நிற்கும் போக்கிமானுக்கு மட்டுமே. பின்வரிசையில் உட்கார்ந்திருப்பவற்றுக்கு விழும் சேதத்தில் இவை கணக்கில் வாரா. பலவீனம் இரட்டிப்பு என அச்சிடாத பழைய அட்டைகளும் உண்டு. அவற்றில் அச்சிட்டபடியே கொள்ள வேண்டும்.

இங்கே கூடை டர்ன் முடிவில் காலியாவதில்லை. விழுந்த சேதம் குணப்படுத்தும் வரை கிடக்கும். போக்கிமான் அடுத்த நிலைக்கு வளர்ந்தாலும் சேதம் கூடவே வரும். 70 ஹெச்பியில் 40 சேதம் பட்டது 130 ஹெச்பி உள்ளதாக வளர்ந்தால் 90 மீதம் இருக்கும், 130 இராது. மேலும் தாக்குபவர் மட்டுமே சேதம் தருவார், தாக்கியதோடு அவர் டர்ன் முடிந்துவிடும். இருபுறமும் ஒரே நேரத்தில் அடித்துக்கொள்ளும் காட்சி இந்த ஆட்டத்தில் கிடையாது.

“மூன்று டேமேஜ் கவுண்டர் வைக்கவும்” என்பதும் “30 சேதம் தரவும்” என்பதும் ஒன்றா?

ஒன்றல்ல. கவுண்டர் வைப்பது சேதம் தருவதாகக் கருதப்படாததால், பலவீனமும் எதிர்ப்பாற்றலும் சேதத்தைக் குறைக்கும் அட்டைகளும் அதன்மேல் செல்லா. 30 சேதம் என்றால் அது பலவீனத்தால் 60 ஆகலாம், எதிர்ப்பாற்றலால் 0-வும் ஆகலாம். மூன்று கவுண்டர் என்றால் எப்போதும் மூன்றே.

சின்ன வயதில் ஆடிய டபிள்யூடபிள்யூஎஃப் ட்ரம்ப் கார்டுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

அதில் மல்யுத்த வீரரின் மார்பளவையோ எடையையோ சொல்லி ஒப்பிட்டு, பெரிய எண் உள்ளவர் அட்டையைப் பறித்துக்கொள்வார். யூ-கி-ஓவின் தராசுக்கு அது தூரத்து உறவு. அச்சிட்ட எண் எந்நாளும் மாறாது என்பதால், யாரிடம் முதல் ரேங்க் அட்டை இருக்கிறது என்பதிலேயே பாதி ஆட்டம் முடிந்துவிடும்.

பெட்டிக்கடையில் பத்து ரூபாய்க்கு வாங்கிய பாக்கெட்டில் ஆயிரக்கணக்கில் ஹெச்பி போட்டிருக்கிறதே, அதை எப்படி ஆடுவது?

ஆட இயலாது. திருவிழாக் கடைகளில் தொங்கும் அந்தப் பாக்கெட்டுகளில் பெரும்பாலானவை போலி. படத்துக்கும் எண்ணுக்கும் தொடர்பின்றி அச்சிடப்பட்டவை. 1999-இல் ஆங்கிலத்தில் வந்த முதல் தொகுப்பின் புகழ்பெற்ற ‘சாரிஸார்ட்’ அட்டையிலேயே ஹெச்பி 120தான், அதன் பெருந்தாக்குதல் 100தான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் அந்த ஆயிரங்களை எடைபோட்டுவிடலாம். ஆனாலும் ஆசையாக வாங்கி வந்த சிறுவனை நான் திருப்பி அனுப்புவதில்லை. கடைசி இலக்கத்தை நீக்கிவிட்டு அவனும் அவன் தம்பியும் அதைக் கொண்டே ஒரு மூலையில் ஆடிக்கொண்டிருப்பார்கள்.

சேதத்தை மேசையில் எப்படிக் குறிப்பது? பகடை கட்டாயமா?

கட்டாயமில்லை. எங்கள் வட்டாரத்தில் புளிக்குப் பஞ்சமில்லாததால் சேதத்துக்குப் புளியங்கொட்டைகளையும், நிலையான +1/+1 கவுண்டர்களுக்குச் சோழிகளையும் வைத்துக்கொள்கிறோம். டர்ன் முடிந்ததும் கொட்டைகளை மட்டும் வாரிக் கிண்ணத்தில் போட வேண்டும், சோழிகளைத் தொடக்கூடாது. இரண்டுக்கும் ஒரே வகைப் பகடையைப் பயன்படுத்திய நாட்களில், சேதத்தைத் துடைக்கும்போது கவுண்டரும் சேர்ந்து போய், சண்டை மூண்டதுண்டு. அழகாக இருக்கிறதே என்று குன்றிமணியைப் பயன்படுத்த வேண்டாம். மென்றால் கொடிய நஞ்சு, சிறுபிள்ளைகள் வந்துபோகும் இடத்தில் அது ஆகாது.

இருவருடைய உயிர்ப்புள்ளியும் ஒரே நேரத்தில் 0 ஆகிவிட்டால் வென்றது யார்?

மேஜிக்கிலும் யூ-கி-ஓவிலும் ஆட்டம் சமன். தாக்கியவருக்கு முன்னுரிமை என்று ஒன்றும் இல்லை. சென்ற மாங்காய்க் காலத்தில் ஓசூர்க்காரரும் தருமபுரிக்காரரும் ஆடிய ஆட்டம், இருவருக்கும் 3 சேதம் தரும் ஓர் அட்டையால் இப்படி முடிந்தது. இருவரும் புளியங்கொட்டைகளை மும்முறை எண்ணிப் பார்த்தார்கள். பிறகு தருமபுரிக்குக் கடைசிப் பேருந்து போய்விடும் என்பதால் எண்ணுவதை நிறுத்தினார்கள்.